எட்டாம் நட்டு

நட்டு என்றால் தளரும். வண்டியில் இருந்தாலும் தளரும், கட்டிலில் இருந்தாலும் தளரும். அதைப் பார்த்து எவனும் பயந்ததில்லை. ஸ்பானரை எடுத்து ஓர் இழு இழுத்துவிட்டுக் கட்டன்சாயா குடிக்கப் போய்விடுவான். வியாழக்கிழமை காலையில் பல் துலக்கிக்கொண்டே வீட்டைச் சுற்றி வந்த சகாயதாஸ், முன்வாசல் மூலைத் தூணின் அடியில் பார்த்தது தளர்ந்த நட்டு அல்ல. இறுகிய நட்டு. யாரும் தொடாமல் இறுகிய நட்டு.

குன்னத்துகாலில் ரோட்டை விட்டு ஏறிப் போகும் ரப்பர்த் தோட்டத்து மேட்டில் அவர் வீடு. சுவருக்கு வெளியே சுற்றிவர எட்டு இரும்புத் தூண்கள், மூலைக்கு ஒன்றாக நான்கு, இடையில் நான்கு. கூரையைத் தாங்குவதும் அவைதான், காற்றுக்குப் பறந்துவிடாமல் பிடித்து வைத்திருப்பதும் அவைதான். ஒவ்வொரு தூணின் அடியிலும் ஒரு தடித்த தகடு. கான்கிரீட்டிலிருந்து அந்தத் தகட்டின் துளை வழியே ஒரு ஸ்டட் மேலே வரும்: தலை கிடையாது, முழுக்க மரை, இரண்டு பெருவிரலைச் சேர்த்த தடிமன். அதன்மேல் நட்டு. பொழியூரில் இருந்த பழைய வீட்டின் கூரையை முதலில் காற்றும், மிச்சத்தைக் கடலும் கொண்டுபோனதைக் கண்ணால் கண்ட மனுஷன் அவர். அதனால் புது வீட்டை, எந்தக் காற்று வந்தாலும் வரட்டும், இது அசையாது என்று வைராக்கியமாகக் கட்டினார்.

பங்குச் சாமியாரான அச்சன் வந்து வீட்டை மந்திரித்த அன்று எட்டு நட்டையும் அவரே முறுக்கி, ஒவ்வொன்றிலும் நட்டிலிருந்து ஸ்டட்டின் முனைவரை மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுத்தார். கச்சா எண்ணெய் எடுக்கும் வயல்களில் பன்னிரண்டு வருஷம் கிணற்று வாய்களை மூடுவதும் திறப்பதுமாக இருந்தவர். அங்கே பழகிய பழக்கம். நட்டு மயிரிழை நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். இப்போது கோடு உடைந்திருந்தது. நட்டின்மேல் இருந்த பாதி, இறுகும் பக்கமாக, அதன் ஆறு முகங்களில் ஒரு முகம் அளவு தள்ளிப் போயிருந்தது. வாயில் நுரையோடு அடுத்த தூணுக்குப் போனார். அங்கேயும் ஒரு முகம். எட்டுத் தூணையும் சுற்றி வந்தபோது நுரை காய்ந்து உதட்டில் ஒட்டியிருந்தது.

அடுக்களையில் லூயிசா நொச்சியும் வேப்பிலையும் போட்டு வெந்நீர் காய்ச்சிக்கொண்டிருந்தாள். மகள் சிஜி பெற்றுப் பத்தொன்பது நாள். மருமகன் லிண்டோ கப்பலில். தாயும் பிள்ளையும் இருந்த நடு அறையில் ஜன்னல் அடைத்து, வாசலில் கம்பிளி தொங்கவிட்டு, பூண்டும் மருந்தும் சாம்பிராணியும் பால்வீச்சமும் கலந்த ஒரு வெப்பம் எப்போதும் தேங்கி நிற்கும்.

"நேத்து யாராவது இஞ்ச வந்தாங்களா?" என்று கேட்டார்.

"இந்தக் கர்க்கடக மாச மழையில ஒரு நாய்கூட மேட்டுல ஏறல்ல. ஏன் கேக்குதிய?"

"நட்டை எவனோ முறுக்கியிருக்கான்."

"அவுத்துட்டுப் போனாத்தானே களவு? முறுக்கிட்டுப் போனா நல்லதாக்கும்." லூயிசா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அதை விடுங்க. அந்தக் கழிவுக் குழாயைப் பாருங்க. மழை தொடங்குனதுல இருந்து அழுகின முட்டை நாத்தம். பிள்ளை இருக்குத வீடு."

ஸ்பானரை வைத்திருந்த பெட்டியைப் போய்ப் பார்த்தார். பூட்டு பூட்டியபடி இருந்தது. அந்த அளவு நட்டுக்குப் பொருந்தும் ஸ்பானர் மேட்டில் வேறு யாரிடமும் இல்லை. கீழே சரிவில் இருப்பது விஜயம்மாவின் ஒரே வீடு. அவளும் மகள் நந்தனாவும்தான், இருவருக்கும் தையல் மிஷினில் எண்ணெய் விடுவதே பெரிய காரியம். சகாயதாஸ் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.

வேலை என்பது பாறசாலைப் பக்கம் ஒரு சின்னக் கம்பெனி. எண்ணெய்க் கிணற்று வாய்களுக்கு வேண்டிய ஸ்டட்டுகளை அங்கே அறுத்து, மரை உருட்டி, பெட்டி பெட்டியாக அனுப்புகிறார்கள். மரை சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றிலும் அளவு வளையத்தைச் சுழற்றிப் பார்த்து முத்திரை குத்துவது சகாயதாஸின் பொறுப்பு. அன்று வளையம் சுழன்றது, மனசு சுழலவில்லை. பத்து மணிச் சாயாவுக்கு மரை மிஷின் பொன்னப்பனின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"அண்ணா, ரெண்டு வருஷம் முன்ன கிணத்துல இருந்து திரும்பி வந்துச்சே எட்டு ஸ்டட்டு. சோதிக்க அனுப்புனாவளே. அது என்ன கேஸு?"

பொன்னப்பன் சாயாவை ஊதினார். "அது ஏம்லே இப்ப? நீதானே கட்டர் வச்சு அறுத்த?"

"சும்மா கேட்டேன்."

"ஸ்டட்டுல ஒரு குறையும் இல்ல. முறுக்குனவனும் நல்ல வேலைக்காரனாக்கும். மூணு சுத்து ஒழுங்கா முடிச்சிருக்கான். கடைசிச் சுத்துல ஏழு ஆச்சு. எட்டாமத்ததுல ஸ்பானரைப் போட்டிருக்கான், அப்பம் அடியில இருந்து கிணறு பொங்கி வந்துட்டு." அவர் கையை மேல்நோக்கி விரித்துக் காட்டினார். "ஆளு கிடைக்கல்ல. ஸ்பானர் மாத்திரம் கிட்டுச்சு."

சகாயதாஸ் டம்ளரைக் கீழே வைத்தார். கிணற்று வாயிலிருந்து கழற்றிய ஸ்டட்டை மறுபடி எங்கும் போடக் கூடாது. இரண்டாக அறுத்துப் போட வேண்டும், வேறு எவனும் எடுத்துப் பயன்படுத்த வழியில்லாமல். அந்தத் தொழிலில் பொடியனுக்கும் தெரிந்த சட்டம் அது. அன்றைக்கு அறுக்கச் சொல்லிக் கொடுத்தது அவர் கையில்தான். அவர் அறுத்தது வேறு எட்டு, மரை கெட்டுக் கழித்துப் போட்ட எட்டு. அந்த நல்ல எட்டையும் சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து தூணுக்குப் போட்டார். இத்தனை உறுதியான இரும்பைச் சும்மா அறுத்துப் போட அவருக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

கிணற்று வாயை மூடுவது ஒரே மூச்சில் செய்கிற வேலை அல்ல. முதல் சுற்றில் லேசாக, இரண்டாவதில் பாதிக்கு மேல், மூன்றாவதில் முழுசாக. அதுவும் வரிசையாக அல்ல: ஒன்றை முறுக்கினால் அடுத்தது அதற்கு நேர் எதிரே இருப்பது, இல்லாவிட்டால் வாய் ஒரு பக்கம் சாயும். கடைசியாக வட்டமாக ஒரு சுற்று, ஒன்றை அடுத்து ஒன்று, எட்டும் சமமாக உட்கார்ந்ததா என்று பார்க்க. ஒரு முகம் நகர்ந்தது முதல் சுற்று என்றால், இன்னும் மூன்று இருக்கிறது. இந்தக் கணக்கை மனசு தானாகப் போட்டது. போட்டதற்காக அவர் தன்னையே திட்டிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குத் திரும்பியபோது மழை ஓட்டின்மேல் நிதானமாகப் பெய்துகொண்டிருந்தது, ரப்பர் இலைகளிலிருந்து சொட்டும் நீர் வேறொரு தாளத்தில் விழுந்துகொண்டிருந்தது, வீட்டுக்குள்ளே லூயிசா சொன்ன அந்த முட்டை நாற்றம் சாம்பிராணிப் புகையை மீறிக்கொண்டு தரையோடு தரையாகத் தவழ்ந்து கணுக்காலில் ஏறுவதுபோல இருந்தது. கம்பிளியை விலக்கி எட்டிப் பார்த்தார். சிஜி காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் பிள்ளையை வைத்திருந்தாள்.

அப்போதுதான் கேட்டது. முன்வாசல் மூலையில் இரும்பு நெறுநெறுவென்று ஒரு முறை முனகியது. எண்ணெய் காய்ந்த மரையில் பெரிய நட்டு திரும்பும் சத்தம். தூக்கத்தில் கேட்டாலும் அவருக்குத் தெரியும். கொஞ்ச நேரம் மழை மட்டும். பிறகு அதற்கு நேர் எதிர், அடுக்களைக்குப் பின்மூலையில் ஒரு முனகல்.

"அப்பா, இஞ்ச பாருங்க," என்றாள் சிஜி, குரலைத் தாழ்த்தி. "பிள்ளை என்னத்தையோ பாக்குது."

பிள்ளை பால் குடிப்பதை விட்டுவிட்டு முன்மூலைப் பக்கம் கண்ணை வைத்திருந்தது. பிறகு கண் பின்மூலைக்குப் போனது. பிறகு, சத்தம் வருவதற்கு ஒரு நொடி முன்னாலேயே, கிழக்குச் சுவருக்கு. அங்கே முனகியது. மேற்குக்கு. அங்கேயும். பத்தொன்பது, இருபது நாள் பிள்ளைக்கு என்ன பார்வை இருக்கும், வெளிச்சத்தைப் பார்க்குமாக்கும் என்று சொல்லலாம். ஆனால் எதிரும் எதிருமாக, எட்டு இடம், ஒன்று தப்பாமல். 

"உனக்குச் சத்தம் கேட்டுதா மக்கா?"

"என்ன சத்தம்?"

அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போய்க் குனிந்து குனிந்து பார்த்தார். எட்டுக் கோடும் இன்னும் ஒரு முகம் தள்ளியிருந்தது. சேற்றில் கால்தடம் கிடையாது. ஆனால் ஒவ்வொரு நட்டின் தலையும் சேறு துடைத்துச் சுத்தமாக இருந்தது. ஸ்பானர் போடுவதற்கு முன் நல்ல வேலைக்காரன் உள்ளங்கையால் ஒரு துடை துடைப்பானே, அதேபோல. உள்ளே திரும்பி வந்தபோது அடுக்களைக் கதவு நிலையில் இறுகிப்போய்த் தோளால் தள்ள வேண்டியிருந்தது. நாற்றம் குறைந்திருந்ததை அவர் கவனித்தார். கவனித்ததோடு சரி, அதைப் பற்றி யோசிக்கவில்லை.

சனிக்கிழமை அவர் வேலைக்குப் போகவில்லை. விடிந்ததிலிருந்து தாழ்வாரத்தில் நாற்காலியைப் போட்டு, மடியில் ஸ்பானரோடு உட்கார்ந்திருந்தார். நாற்றம் மறுபடி ஏறி, லூயிசா எல்லா அறையிலும் சட்டியில் தணல் வைத்தும் அடங்கவில்லை. பதினொன்றரைக்கு மூன்றாவது சுற்று வந்தது. இந்த முறை முனகல் அல்ல, அலறல். ஒவ்வொன்றுக்கும் வீடு ஒரு துளி கீழே உட்கார்ந்தது, காது அடைத்துத் திறந்தது, முன்னறைத் தரை சுவரிலிருந்து சுவர்வரை பிளந்தது. அடுக்களைக் கதவு அசையவே மறுத்துவிட்டது. லூயிசாவுக்கும் இப்போது கேட்டது. அவள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு கணவன் முகத்தைப் பார்த்தாள், அந்த முகத்தில் இருந்ததைப் பார்த்துவிட்டு, "என்ன செய்து வச்சிருக்கிய?" என்று கேட்டாள்.

சொன்னார். சாக்கில் சுற்றிக் கொண்டுவந்ததையும், அறுத்தேன் என்று பொய் சொன்னதையும், ஆள் கிடைக்காத கிணற்றையும். முப்பது வருஷத்தில் அவளிடம் இப்படித் தலை குனிந்து பேசியதில்லை.

"செத்தவனுக்க சாதனத்தையா பிள்ளை பிறக்குத வீட்டுக்கு அடியில வச்சிய?" அவள் குரல் உயரவில்லை, அதுதான் கேட்கச் சகிக்கவில்லை. "அச்சனைக் கூப்பிட்டு மந்திரிச்சோமே. அவருக்க முன்னால அதுக்கு மேலயா நின்னிய?"

"பேசிட்டு நிக்க நேரம் இல்ல. பிள்ளையையும் அவளையும் தூக்கிட்டு விஜயம்மாவுக்க வீட்டுக்குப் போவோம். இப்பவே."

"நாப்பத்தொண்ணு நாள் கழியாம? இந்த மழையில? பச்சப் பிள்ளைக்கு நெஞ்சுல சளி கட்டுனா யாரு பாப்பா?" ஆனாலும் கம்பிளியை விலக்கினாள். அறைக்குள் போய் மகளிடம் ஏதோ சொன்னாள். திரும்பி வந்து, "மழை ஒண்ணு குறையட்டும். துணியெல்லாம் எடுத்து வைக்குதேன். நீங்க போய் ஒரு ஆட்டோ கூட்டிட்டு வாங்க, சரிவுல அவ நடக்க மாட்டா" என்றாள்.

மழை குறையவில்லை. போனில் எந்த ஆட்டோக்காரனும் மேட்டுக்கு வர ஒத்துக்கொள்ளவில்லை, ரோடு சறுக்குகிறதாம். ஒருவன் மட்டும் மூன்று மணிக்கு அடிவாரம்வரை வருகிறேன் என்றான். அதுவரை தூக்கிக்கொண்டு இறங்கிவிடலாம் என்று சகாயதாஸ் கணக்குப் போட்டார். மூன்றாக ஐந்து நிமிஷம் இருக்கும்போது பெரிய குடையை எடுக்கத் தாழ்வாரத்துக்கு வந்தார். பின்னால் சிஜி கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்ததும், லூயிசா பிள்ளையைத் துண்டில் பொதிந்ததும் கம்பிளி இடுக்கில் தெரிந்தது.

முன்மூலை நட்டு திரும்பியது.

காற்று இல்லாமலே கதவு அடைந்து, நிலைக்குள் கடித்துக்கொண்டது. தள்ளினார். இழுத்தார். கதவுக்கும் நிலைக்கும் இடையில் நகம் நுழையவில்லை. உள்ளிருந்து லூயிசாவின் உள்ளங்கை பலகையில் அறைந்தது. அடுத்த முனகல் எதிர்மூலையில் வரவில்லை. பக்கத்துத் தூணில் வந்தது. வட்டமாக. ஒன்றை அடுத்து ஒன்று.

கடைசிச் சுற்று.

ஸ்பானரோடு வீட்டைச் சுற்றி ஓடினார். மூன்றாவது தூணடியில் அதைக் கண்டார். காண ஒன்றும் இல்லை. மழைதான் இருந்தது, ஆனால் அந்த ஓர் இடத்தில் மழை தரையைத் தொடவில்லை. குந்தியிருக்கும் ஓர் ஆளின் உயரத்தில் துளிகள் எதன்மேலோ விழுந்து தெறித்து, தோள் மாதிரி ஒரு வளைவில் வழிந்து, முழங்கை மாதிரி ஒரு முனையில் சொட்டின. அந்த இல்லாத கை நட்டை ஒரு துடை துடைத்தது. நட்டு விரலில் கால்வாசி அளவு திரும்பியது. நின்றது. மழையில் அந்தக் காலி இடம் எழுந்து, அவசரமே இல்லாமல், அடுத்த தூணுக்கு நடந்தது.

நான்கு.

உள்ளே சிஜி, "அப்பா, காது வலிக்குது" என்று கத்தினாள். ஜன்னல் கண்ணாடி ஒன்று தெறித்தது, அதன் கம்பிகள் வளைந்து நெருங்கின.

ஐந்து. ஆறு.

இவன் என் பிள்ளைகளை நசுக்குகிறான். சகாயதாஸுக்கு அந்த ஒரே எண்ணம்தான். எட்டாவது தூணுக்கு முந்திக்கொண்டு ஓடினார், சேற்றில் முழங்கால் இட்டு, நட்டில் ஸ்பானரை மாட்டினார். ஏழாவது முனகல் அவருக்கு வலப்பக்கம் கேட்டது. பிறகு அவர்மேல் மழை விழுவது நின்றது.

பக்கத்தில் குந்தியிருக்கிறான்.

அவர் மணிக்கட்டின்மேல் ஒரு கை வந்து படிந்தது. குளிர்ச்சியாக, எண்ணெய்ப் பிசுக்காக, உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. அது முறுக்கவில்லை, நெரிக்கவில்லை. புதுசாக வந்தவன் தப்பான பக்கம் இழுக்கப் போகும்போது கூட நிற்கிற மூத்த ஆள் பிடித்து நிறுத்துவானே, அப்படித்தான் பிடித்தது. சகாயதாஸ் உதறினார். முழு உடம்பையும் போட்டுத் தளர்த்தும் பக்கமாக இழுத்தார். நட்டு கீச்சிட்டு இளகியது. ஒரு முகம். இரண்டு. நான்கு. நட்டுக்கு அடியில் தகடு நகம் நுழையும் அளவு எழும்பி நின்றது.

கை விலகியது. மழை மறுபடி அவர் முதுகில் விழுந்தது, எல்லா இடத்திலும் ஒரேபோல விழுந்தது. அவர் சுற்றிலும் பார்த்தார். மழை ஓட்டை இல்லாமல் பெய்துகொண்டிருந்தது.

முன்வாசல் கதவு தானாகத் திறந்தது. லூயிசா வாசற்படியில் வந்து நின்று மூச்சை இழுத்து விட்டாள், தலைமுடி கலைந்து, கண் கலங்கி, ஆனால் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று.

"அப்பாடா. இஞ்ச வாங்க. நாத்தமும் போச்சு."

அவரும் சிரித்தார். கடவுளே, மாதாவே என்று வாய்விட்டுச் சொன்னார். எழுந்து இரண்டு அடி வைத்தார். மூன்றாவதில் நின்றார். நாற்றம் போய்விட்டது, சரி. நனைந்த ரப்பர் இலையின் வாசம் எங்கே? கையில் அப்பியிருக்கும் எண்ணெய் வாசம் எங்கே? உள்ளங்கையை மூக்கில் வைத்து இழுத்தார். ஒன்றும் இல்லை.

எண்ணெய் வயலில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள். கிணற்றுக்குள் ஒரு வாயு உண்டு, அழுகின முட்டை மாதிரி நாறும். நாறும்வரைக்கும் பயமில்லை, ஓடிவிடலாம். அளவு மிஞ்சினால் முதலில் மூக்கைக் கொல்லும். நாற்றம் நின்றுவிட்டதே என்று எவன் மூச்சு விடுகிறானோ அவனுக்கு அடுத்த மூச்சு இல்லை. ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் இந்த வீட்டில் நாற்றம் குறைந்தது. அவன் நசுக்கவில்லை. வீட்டுக்கு அடியில் இருந்த வாயை மூடிக்கொண்டிருந்தான்.

"வெளிய வா," என்று கத்தினார். "லூயிசா, அவளைத் தூக்கிட்டு வெளிய வா."

லூயிசா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு, வேலை முடித்துக் களைத்தவள் உட்காருவதுபோல, நிலையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் உள்பக்கமாகச் சாய்ந்தாள். அவளுக்குப் பின்னால் கம்பிளி விலகியிருந்தது. சிஜி கட்டிலில் பக்கவாட்டில் விழுந்து கிடந்தாள், கை பிள்ளையின்மேல். துண்டு அசையவில்லை.

மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடினார். வாசலில் முழங்கால் கழன்றது. லூயிசாவின் புஜத்தைப் பிடித்து இழுத்தார், கண் எரிந்தது, நெஞ்சு திறந்துகொள்ளத் துடித்தது, கை வழுக்கியது. படியில் உருண்டு சேற்றில் விழுந்தார். எழுந்து மறுபடி போனார். இந்த முறை வாசலைத் தாண்ட முடியவில்லை. கால் இருந்தது, கால் கேட்கவில்லை. லூயிசாவின் திறந்த கண்ணில் ஓட்டுத் தண்ணீர் தெறித்தது. அவள் இமைக்கவில்லை.

போய்விட்டார்கள். மூன்று பேரும். நான் போக்கிவிட்டேன்.

தரையின் பிளவுக்குள் ஏதோ கொப்பளித்தது. வாசற்படியில் மழைத்துளிகள் புகைமாதிரி ஒன்றில் நடுங்கி, அது படி இறங்கி, புல்லைச் சாய்த்துக்கொண்டு சரிவைப் பார்த்துப் போனது. அந்த வாயு கனமானது, தண்ணீரைப்போலப் பள்ளத்துக்கு ஓடும். பள்ளத்தில் விஜயம்மாவின் வீடு. ஜன்னலில் பல்பு எரிந்தது. நந்தனா ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு தைப்பது, மிஷின் சத்தத்தோடு மேலே கேட்டது. "ஓடுங்க" என்று கத்த நினைத்தார். தொண்டையில் காற்றுதான் வந்தது.

லூயிசாவை உள்ளே விட்டு, ஊர்ந்துபோய்க் கதவை இழுத்து அடைத்தார். தவழ்ந்து எட்டாவது தூணுக்குப் போனார். ஸ்பானரை மாட்டினார்.

ஒரு முகம். புல் ஆடியது.

இரண்டு. கதவு நிலையில் உட்கார்ந்தது.

மூன்று. புல் நிமிர்ந்தது. தகடு கான்கிரீட்டைத் தொட்டது. இன்னும் ஒரு முகம். அது உட்கார்ந்தால் முடிந்தது, வாய் மூடிவிடும். பிறகு திறக்க ஒருவராலும் ஆகாது.

கதவில் தட்டினார்கள்.

"இஞ்ச கேளுங்க." லூயிசாவின் குரல். சாதாரணமான, அடுக்களையிலிருந்து கூப்பிடுகிற குரல். "கதவு அடைஞ்சு போச்சு. திறங்க."

ஸ்பானர் கையில் நின்றது.

"அப்பா." சிஜி. "அப்பா, பிள்ளைக்கு மூச்சு முட்டுது. எங்கள வெளிய எடுங்க."

அவள் இமைக்கவில்லை. லூயிசாவின் கண்ணை அவர் பார்த்தார். துண்டு அசையவில்லை. அதையும் பார்த்தார். பார்த்தது சரிதானா? மயங்கிக் கிடந்தார்களா? மழைத்தண்ணீர் பட்டு எழுந்தார்களா? செத்தவர்கள் பேசுவார்களா? ஒரு முகம் தளர்த்தினால் தெரிந்துவிடும். ஒரு முகம் தளர்த்தித்தான் இத்தனையும். கீழே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நந்தனா பாடிக்கொண்டிருந்தாள்.

அவர்மேல் மழை விழுவது நின்றது.

உள்ளே பிள்ளை அழுதது. பசித்த பிள்ளையின் அழுகை, நெஞ்சு நிறைய மூச்சு இழுத்து, வீறிட்டு, விக்கி, மறுபடி இழுத்து.

விடு, என்றார் சகாயதாஸ். தன் கையிடம்தான் சொன்னார். காய்ப்பேறிய ஒரு குளிர்ந்த உள்ளங்கை அவர் விரல்களை மூடிக்கொண்டிருந்தது, பொறுமையாக. விரல்கள் இரும்பை விடவில்லை. இழுப்பது எந்தக் கை என்று அவருக்குத் தெரியவில்லை.

பிள்ளை அழுதுகொண்டே இருந்தது. நட்டு இறுகும் பக்கமாகத் திரும்பத் தொடங்கியது.